ஏன் என்று கேட்ட ஜூன் மாதம்

வாத்தியார் தொழிலில் ஒரு விசேஷம்: பதில் தெரிந்தவன்தான் கேள்வி கேட்பான், தெரியாதவன் கேட்டால் அதிகப்பிரசங்கி. சாக்பீஸ் தூள் தின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் இருக்கும். அரியலூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் வாத்தியார்.

பயிற்சி

பள்ளி திறந்ததும் திறக்காததுமாகப் பெரம்பலூருக்கு வரச் சொன்னார்கள். பிள்ளைகளின் ஆர்வத்தைத் தூண்டப் பயிற்சியாம். தூண்ட அது என்ன விளக்குத் திரியா? ஃபேன் ஓடாத ஹால். பயிற்சி கொடுக்க வந்தவர் இஸ்திரி கலையாத சட்டை. "பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுங்கள்" என்று காலையிலிருந்து அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். குரும்பலூர் வாத்தியார் ஒருவர் பொறுக்க முடியாமல் எழுந்தார். "சார், ஒரு வகுப்புல எழுபது பேரு. எல்லாரும் கேட்டா பாடத்த எப்ப நடத்தறது?" வந்தவருக்கு முகம் சுண்டிவிட்டது.

"குறுக்க குறுக்க கேள்வி கேக்காதீங்க சார். சொல்றத எழுதிக்குங்க."

சுவர்

எங்கள் தலைமையாசிரியருக்கு ஆர்வம் உடனே தூண்டப்பட்டுவிட்டது. பெயிண்டரைப் பிடித்து, வாசல் சுவரில் 'ஏன் என்று கேள்' என எழுத வைத்தார். நீல எழுத்து. அதோடு கடமை முடிந்தது.

பெயிண்ட் காயவில்லை. ஏழாம் வகுப்புக் கலைச்செல்வி ஒரு கல்லோடு வந்தாள். அவள் அப்பா கொல்லையில் ஏர் ஓட்டும்போது கிடைத்ததாம். நத்தை மாதிரிச் சுருண்ட கல். எங்கள் பக்கத்து மண்ணில் இது நிறைய. ஒரு காலத்தில் இங்கே கடல், இது அதில் வாழ்ந்த பிராணி, கல்லாகிவிட்டது என்றேன். "அப்ப கடல் எங்க சார் போச்சு?" என்றாள். நான் வாயைத் திறக்குமுன் தலைமையாசிரியர் உள்ளே வந்துவிட்டார். "பாடத்துல இல்லாதத எதுக்குக் கேக்கற?" "செவுத்துல எழுதியிருக்கே சார்" என்றாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே நம்பிவிட்டது பிள்ளை.

"வாய் பேசறியா? நாளைக்கு உங்கப்பனக் கூட்டிட்டு வா. டிசியக் கிழிச்சுக் கையில குடுத்துடறேன்."

அப்பா

டிசி வாங்கினால் அடுத்த பள்ளிக்கு பஸ் ஏறிப் போகணும். வயசுக்கு வரப்போகிற பிள்ளையை அனுப்பமாட்டார்கள். பருத்தி எடுக்கத்தான் போகும். இது தலைமையாசிரியருக்கும் தெரியும். "கேட்டது என்னை. எனக்கே வலிக்கல, உங்களுக்கு ஏன் சார் வலிக்குது?" என்றேன்.

கொல்லை மண் ஒட்டிய காலோடு அப்பா வந்தார். உங்கள் பெண் ஓயாமல் கேள்வி கேட்கிறாள் என்று குற்றப்பத்திரிகை படிக்கப்பட்டது. "வூட்டுலயும் இதாங்க. எங்களுக்குத் தெரியலன்னுதானங்க இங்க அனுப்பறோம்" என்றார் அந்த மனுஷன். எனக்குச் சிரிப்பு வந்தது. தலைமையாசிரியருக்கு வரவில்லை. இன்னொரு தடவை கேட்டால் டிசிதான் என்று தீர்ப்பு. வெளியே வந்ததும் அப்பா மகளின் தலையில் கை வைத்தார்.

"இனிமே வாயத் தொறக்காத தாயி. கேக்காமயே படிச்சுட்டு வா."

அதிகாரி

ஆர்வம் எந்த மட்டுக்குத் தூண்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க ஜீப்பில் ஒருவர் வந்தார். சுவரைப் பார்த்தார், பூரித்துப்போனார். ஏழாம் வகுப்பில் நின்று, "எது வேணாலும் கேளுங்க, பயப்படாம கேளுங்க" என்றார். மூச்சுச் சத்தம் இல்லை. தலைமையாசிரியர் முகத்தில் பெருமை தாங்கவில்லை, என்ன ஒழுக்கம் என்று. கலைச்செல்வி பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, ஒரு பிள்ளையை ஊமையாக்கியாச்சு என்று நினைத்தேன். அதிகாரி கிளம்பத் திரும்பினார். அவள் எழுந்தாள்.

"கேட்டா டிசி குடுப்பாங்களா சார்?"

அதற்கப்புறம் அவளுக்கு டிசி கொடுக்க எவருக்கும் தைரியம் வரவில்லை, பதில் சொல்லவும்தான்.