மாடி அறையின் சூடு

என் மனைவி இருந்தவரை நான் வெளிநாட்டிலிருக்கும் மகளோடு போனில் பேசியதே இல்லை என்று சொல்லலாம். ஞாயிறு மாலை அவர்கள் இருவரும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். கடைசியில் "அப்பாட்ட குடுக்கேன்" என்று போன் என் கைக்கு வரும். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், அங்க குளிரா, இங்க வெயிலு. அவ்வளவுதான், போன் திரும்ப அவள் கைக்குப் போய்விடும். அவள் போன பிறகு ஞாயிறு ஆறு மணிக்குப் போன் நேராக எனக்கே வந்தது. சாப்பிட்டேனா, மாத்திரை போட்டேனா, ஆற்றில் தண்ணீர் போகிறதா. நாலு நிமிடத்தில் எங்கள் கைவசம் இருந்த பேச்சு தீர்ந்துவிடும். அடுத்த ஞாயிறு வரை சேரன்மகாதேவியில் இந்த வீட்டில் நானும் மின்விசிறியும்தான்.

வீடு நான் பார்த்துப் பார்த்துக் கட்டியது. மேற்கே பெரிய கண்ணாடி ஜன்னல் வேண்டாம், வைத்தால் சன்ஷேடாவது போடுங்கள், கூரையை ஒட்டி வெண்டிலேட்டர் விடுங்கள் என்று கொத்தனார் படித்துப் படித்துச் சொன்னார். கேட்டேனா? பெங்களூர் வீடு மாதிரி வழவழவென்று இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். மாடி அறை சித்திரை மாதத்தில் செங்கல் சூளையானது. தன் அம்மாவின் முதல் திவசத்துக்கு மகள் வந்தபோது, இரண்டே நாளில் பேத்திக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. மூன்றாம் நாள் திருநெல்வேலியில் ஏசி லாட்ஜுக்குப் போய்விட்டார்கள். பெற்ற அப்பன் வீட்டுக்குக் காரில் வந்து போகிற விருந்தாளி ஆகிவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அந்த லாட்ஜ் பக்கமே நான் போகவில்லை.

இந்த வருடம் அவளே ஒரு வழி சொன்னாள். "அந்த ரூம் சூட்டக் கொறச்சிட்டோம்னா மே மாசம் முழுக்க நம்ம வீட்லயே இருக்கோம்ப்பா." அந்தக் குளிர் தேசத்தில் அவளுக்கு அதுதான் வேலை. வீடு வீடாகப் போய் எங்கே சூடு வீணாகிறது, எதனால் கரண்ட் செலவாகிறது என்று பார்த்துச் சொல்வது. மாடிச் சுவரில் ஒரு வெப்பமானி மாட்டச் சொன்னாள். மாட்டியதும் சாயங்காலம் முப்பத்தொன்பது டிகிரி காட்டியது.

அதன் பிறகு வாரம் ஒரு பாடம் நடந்தது. முதல் வாரம் வெப்ப நிறை. சுவரும் கான்கிரீட்டும் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு, வெயில் இறங்கிய பிறகு பைய உள்ளே விடுமாம். மாலையில் அறை வேகிறது அதனால்தான். அடுத்த வாரம் வெப்பத் தடை, அதாவது ஒரு கூரையோ சுவரோ சூட்டை எவ்வளவு மறித்து நிறுத்துகிறது என்பது. அதற்கடுத்து காற்றுக் கசிவு. அங்கே வாசலில் பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டுக் காற்றை வெளியே இழுத்து, எந்த இடுக்கு வழியாகக் காற்று நுழைகிறதோ அதைத் தேடி அடைப்பார்களாம். நாங்கள் காற்று வரவேண்டுமென்று சுவரை இடிக்கிறோம், நீங்கள் கூலி வாங்கிக்கொண்டு அடைக்கிறீர்கள், நல்ல ஊர்தான் என்றேன். அவள் சிரித்தாள். என் பேச்சுக்கு அவள் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை.

மொட்டைமாடிக்கு வெள்ளை கூலிங் பெயிண்ட் அடித்தேன். இரண்டு டிகிரி குறைந்து முப்பத்தேழானது. அந்த ஞாயிறு போன் வந்ததும் வராததுமாக அதைச் சொன்னேன். சந்தோஷம்ப்பா என்றாள், பாப்பா கூப்பிடுகிறாள் என்று வைத்துவிட்டாள். நாலு நிமிடம். கையில் போனை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு வெண்டிலேட்டருக்குச் சுவரை உடைத்தேன். ஜன்னலுக்கு உள்ளே திரை போட்டால் போதாதா என்று கேட்டதற்கு, வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டால் வந்ததுதான், வெளியிலேயே மறிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். வெளிப்பக்கம் மூங்கில் தட்டி கட்டினேன். ஞாயிறு மாலை பார்த்தால் முப்பத்தொன்று. போன் வந்தது. முப்பத்தேழு என்று சொன்னேன்.

அவள் பதறிப்போனாள். நாற்பது நிமிடம் பேசினாள். தட்டிக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி விட்டேனா, வெண்டிலேட்டர் எதிரெதிராக இருக்கிறதா, எந்தப் பக்கக் காற்று. அடுத்த வாரமும் முப்பத்தேழு என்றேன். அதற்கடுத்த வாரமும். எழுபது வயதில் இது என்ன பிழைப்பு என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வாரத்தில் ஆறு நாள் அப்பா என்று கூப்பிட ஆளில்லாத வீட்டில் இருந்து பார்த்தால் தெரியும்.

நான்காவது ஞாயிறு நான் சூட்டைச் சொல்வதற்கு முன்பே அவள் பேசினாள்.

"இவ்வளவு செஞ்சும் எறங்கலன்னா இனி முடியாதுப்பா. பாப்பாவ அந்தச் சூட்டுல போட மனசு வரல. எனக்குக் கெடச்ச மே மாச லீவ கூட வேல பாக்குறவளுக்கு விட்டுக் குடுத்துட்டேன். அடுத்த வருசம் பாப்போம்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்.

"ரூம் சூடா இல்லம்மா," என்றேன். "முப்பத்தொண்ணுதான். மூணு வாரமா பொய் சொல்லுதேன்."

ஏன் என்று கேட்டாள்.

"கொறஞ்சிட்டுன்னு சொன்னா நீ போன வச்சிருவ."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொடுத்த லீவைத் திரும்பக் கேட்க முடியாது என்று மட்டும் சொன்னாள், மூக்கை உறிஞ்சினாள். "சூடே இல்லன்னாலும் பேசலாம்ப்பா" என்றாள்.

சரி என்றேன். எதைப் பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவள் பக்கம் பேத்தி எதையோ கீழே போடும் சத்தம் கேட்டது. வெகுநேரம் இருவரும் போனை வைக்கவில்லை.