பத்தியில் கூறப்படவில்லை

சுரங்கம் மூடப்பட்ட பிறகும் அந்த ஊர் மக்கள் ஏன் அங்கிருந்து வெளியேறவில்லை?

நுழைவுத் தேர்வுக்காக நான் வாங்கிய பழைய பயிற்சிப் புத்தகத்தில், வாசிப்புப் பகுதியின் மூன்றாவது பத்திக்குக் கீழே இருந்த கேள்வி இது. பத்தி, பனி பெய்யும் ஏதோ ஒரு நாட்டின் நிலக்கரி ஊரைப் பற்றியது. நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள். வேறு வேலை கிடைக்கவில்லை என்பது முதலாவது. சுரங்கம் மறுபடி திறக்கும் என்று நம்பினார்கள் என்பது இரண்டாவது. வீட்டை விட்டுப் போக மனம் வரவில்லை என்பது மூன்றாவது. பத்தியில் கூறப்படவில்லை என்பது நான்காவது. நான் இரண்டாவதைக் குறித்தேன். அழித்துவிட்டு மூன்றாவதைக் குறித்தேன். காலை ரயில் கோரமண்டல் ஸ்டேஷனைத் தாண்டும்போது மறுபடி இரண்டாவதற்கே வந்தேன். கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால், சரியான விடை நான்காவது.

அந்தப் பத்தியில் ஐந்து கேள்விகள். எனக்கு ஒன்றுதான் சரி. நான் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவள். என் அப்பா சுரங்கம் மூடும்வரை கீழே இறங்கி வேலை செய்தவர். சுரங்க ஊரைப் பற்றிய கேள்விகளில் ஐந்துக்கு ஒன்று வாங்கியதை நினைத்து அன்று அலுவலகத்தில் எனக்கு வேலையே ஓடவில்லை.

நான் எழுதவிருந்தது ஆசிரியர் பயிற்சிப் படிப்புக்கான தேர்வு. மங்களூருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி. இரண்டு வருடம் விடுதியிலேயே தங்கிப் படிக்க வேண்டும், கட்டணம் இல்லை. தேர்வில் வாசிப்பு ஒரு பகுதி, கணக்கு ஒரு பகுதி. பட்டம் முடித்த வருடமே எழுதியிருக்க வேண்டியது. விண்ணப்பத்தைக்கூட நிரப்பி வைத்திருந்தேன். அதற்கு முந்தைய வருடம் அம்மா இறந்திருந்தார், அப்பா தனியாக இருந்தார். அந்த நேரத்தில் பெண் கேட்டு வந்தார்கள், மாப்பிள்ளை எங்கள் வீட்டிலேயே வந்து தங்கச் சம்மதித்தார். “கல்யாணத்துக்கு அப்புறமும் படிக்கலாமே” என்று எல்லோரும் சொன்னார்கள். பொய்யாகச் சொல்லவில்லை. அப்புறம் என்பது எத்தனை வருடம் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது என் மகளுக்கு நான்கு வயது. கணவருக்கு நரசாபுரா பக்கம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நான் தினமும் பெங்களூருக்கு ரயிலில் போய், ஓர் அலுவலகத்தில் மற்றவர்களுடைய விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றிவிட்டு வருகிறேன்.

டேக்கல் ஸ்டேஷனைத் தாண்டியதும் தண்டவாளத்தை ஒட்டி ஒரு சின்னப் பள்ளிக்கூடம் வரும். காலையில் நாங்கள் போகும்போது அது திறந்திருக்காது. மாலையில் திரும்பும்போது பூட்டியிருக்கும். ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் கரும்பலகை மட்டும் ஒரு நொடி தெரியும், அதில் ஏதோ எழுதியிருக்கும். ஆறு வருடமாக அதைப் படித்துவிட முயல்கிறேன். என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, அதை எழுதியது யார், எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எந்தப் பக்கம் திரும்பி நின்றிருப்பார் என்றுதான் யோசிப்பேன்.

ரயிலில் எங்கள் பெண்கள் பெட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. உட்காருவதும் ஷிப்ட்தான். எங்கள் ஸ்டேஷனில் ஏறுகிறவர்கள் மாலூர்வரை பர்ஸ்ட் ஷிப்ட். மாலூர் வந்ததும் எழுந்து, பங்காருப்பேட்டையில் ஏறி நின்றுகொண்டே வந்தவர்களுக்கு இடம் கொடுத்துவிட வேண்டும். சுரங்கத்தில் வேலை செய்தவர்களின் மகள்களும் மருமகள்களும் போட்ட ஒழுங்கு. யார் எழுதி வைத்தது என்று தெரியாது, மீறியவர்களை நான் பார்த்ததில்லை. தையல் கம்பெனிக்குப் போகும் ஓர் அக்காதான் கணக்குப் பார்ப்பார். மாலூர் பலகை தெரிந்ததும் “ஷிப்ட் ஓவர், எழுந்திருங்கம்மா” என்று குரல் கொடுப்பார்.

முதல் வாரம் நானும் எழுந்து, ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையில் புத்தகத்தை வைத்துப் படித்தேன். இரண்டாவது வாரம் அக்கா என் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

“நீ குந்து. பரீட்சை முடியற வரிக்கும் உனக்கு டபுள் ஷிப்ட்.”

“வேணாங்க்கா, மத்தவங்க இன்னா நெனப்பாங்க?”

“இன்னா நெனப்பாங்க? டீச்சரானப்புறம் நம்ம புள்ளைங்கள அடிக்காம இருந்தா போதும், அஷ்டே.”

பெட்டி சிரித்தது. அன்றிலிருந்து பத்து வாரம், எனக்காக யாரோ ஒரு பெண் மாலூரிலிருந்து பெங்களூர்வரை நின்றுகொண்டு வந்தாள். தினமும் வேறு யாரோ. சில நாள் அது யார் என்றுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் படிப்பு ஓடாது என்று பயந்தேன்.

கணக்குப் பகுதியை அக்கா விடமாட்டார்.

“இன்னாமே அது, ட்ரெயின் கணக்கா?”

“ஆமாக்கா. ஒரு ட்ரெயின் மணிக்கு எழுவத்திரண்டு கிலோமீட்டர் வேகத்துல போவுது...”

“நம்ம ட்ரெயினா?”

“இல்லக்கா, புக்ல.”

“அதானே பாத்தேன். பங்காருப்பேட்டைல நிக்கிற நேரத்த சேத்துக்கினியா? சேக்கலைனா கணக்கு தப்பு.”

கேலிதான். ஆனால் என் தவறுகள் எல்லாம் அந்தக் கேலியைப் போலவே இருந்தன. இன்னொரு கணக்கு: சுரங்க லிப்ட் ஒன்று நொடிக்கு எட்டு மீட்டர் இறங்கினால், ஆயிரத்து இருநூறு மீட்டர் ஆழத்துக்குப் போக எவ்வளவு நேரம்? ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்தேன். தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிவைத்த சயனைடு மண் மேட்டிலிருந்து வந்த காற்றில் புத்தகம் முழுக்க மெல்லிய மாவு. அப்பா கட்டிலில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டுவிட்டு, “ஒரு மணி நேரம்” என்றார்.

“நைனா, நூத்தம்பது செகண்டு. வகுத்தா அவ்ளோதான் வருது.”

“கேஜ்ல ஏற வரிசைல நிக்கணும். மணி அடிக்கணும். பாதில எறங்கி வேற ஷாப்டுக்கு நடக்கணும். அங்க இன்னொரு கேஜ். அத்த யாரு சேக்கறது?”

“புக்ல ரெண்டரை நிமிஷம்னு போட்டுக்கீது.”

“அப்ப புக் எழுதினவன் எறங்கினதே இல்ல.”

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே என் தவறும் புரிந்தது. நிலக்கரி ஊர்க் கேள்விக்கு நான் குறித்த விடைகள் எதுவும் பத்தியில் இல்லை. அப்பாவின் கட்டிலில், பக்கத்து வீட்டு வாசலில், ரயில் பெட்டியில் கேட்டவற்றைத்தான் குறித்திருந்தேன். சரியானது எது என்று தேர்வு கேட்கவில்லை. எழுதியிருப்பது எது என்று மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகு ஒரு முறை வைத்துக்கொண்டேன். எந்த விடையைக் குறித்தாலும், பத்தியின் எத்தனையாவது வரியில் அது இருக்கிறது என்று பென்சிலால் பக்கத்தில் எழுத வேண்டும். வரி எண் எழுத முடியாவிட்டால் அது விடை இல்லை. கணக்கிலும் அப்படித்தான். கொடுத்த எண்களுக்கு மேல் ஒன்றும் சேர்க்கக்கூடாது. மதிப்பெண் ஏறியது. ஆனால் நன்றாகச் செய்த நாட்களில் ஏதோ தப்பு செய்வதுபோல இருக்கும். எங்கள் ஊரில் வளர்ந்தவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு வேறு யாரோ உள்ளே உட்கார்ந்து எழுதுவதுபோல.

மகளுக்கு நான் படிப்பது விளையாட்டு. மாதிரி விடைத்தாள் ஒன்றை ஒரு நாள் வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது அதிலிருந்த எல்லா வட்டங்களையும் பென்சிலால் கறுப்பாக்கி வைத்திருந்தாள். நூறு கேள்வி, நானூறு வட்டம், ஒன்றுகூட விடவில்லை.

“ம்மா, எல்லாமே கரெக்ட்” என்றாள்.

“இத்தனையும் தனியாவா போட்ட?”

“தாத்தா இருமினாரா, அப்ப தண்ணி குடுத்தேன். அப்புறம் போட்டேன்.”

அந்தத் தாள் இன்னும் என் பையில் இருக்கிறது. நான் இல்லாத ஒரு பகல் எப்படிப் போகும் என்பதற்கு எனக்குக் கிடைத்த ஒரே சான்று அதுதான். அவள் எத்தனை மணிக்கு ஆரம்பித்தாள், நடுவில் என்னைக் கேட்டாளா, அழுதாளா? அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

தேர்வு நாளன்று வீட்டில் புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் கிளம்பினேன். வாசிப்புப் பகுதியில் உப்பளத்தைப் பற்றி ஒரு பத்தி வந்தது. உப்பளத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அது எவ்வளவு நிம்மதி! வரி எண் எழுதி எழுதி முடித்தேன். வெளியே வந்தால் கணவரின் தோளில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பாமல் அவள் செருப்பை மட்டும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ரயிலில் மாலூர் வந்ததும் நானே எழுந்துவிட்டேன். அன்றிலிருந்து நான் உட்கார வேண்டிய ஷிப்டிலும் இடம் கொடுத்துவிட்டு நிற்கிறேன். பத்து வாரக் கடன், யாருக்கு எத்தனை நாள் என்று தெரியாத கடன்.

போன வாரம் முடிவு வந்தது. எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் சேருகிறேன் அல்லது இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். விடுதியில் குழந்தைகளை வைத்துக்கொள்ள முடியாது. மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரலாம்.

“நீ போ. நான் பாத்துக்கறேன்” என்றார் கணவர். உடனே சொன்னார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. யோசித்துச் சொன்னாரா?

“உங்களுக்கு நைட் ஷிப்ட் வந்தா?”

“மாத்திக் கேப்பேன்.”

“குடுக்கலைன்னா?”

“அப்ப பாத்துக்கலாம். எல்லாத்துக்கும் இப்பவே பதில் எழுதணுமா?”

அப்பாவிடம் நான் படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தப் புத்தகக் கேள்வியைத்தான் கேட்டேன்.

“நைனா, மைன் மூடினப்புறம் நீ ஏன் ஊர விட்டுப் போகல?”

“யாரு போகல? தெனம் எல்லாரும் போய்க்கினுதானே கீறாங்க. அதான் ட்ரெயின் கீதே. காலைல போனா ராத்திரிக்கு வீடு.”

இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டேன். “உங்கம்மா வெச்ச கொய்யாமரம் அப்பதான் காய்க்க ஆரம்பிச்சிது” என்றார். மூன்றாவது முறை கேட்டபோது, “வென்னீர் வெச்சிட்டியா?” என்றார்.

மூன்றுக்கும் என்னால் வரி எண் எழுத முடியவில்லை. ஆனால் முதல் பதில் என்னைவிட்டுப் போக மறுக்கிறது. நாங்கள் எல்லோரும் தினமும் போகிறவர்கள்தான், ஆனால் இரவுக்குள் திரும்பிவிடுகிறவர்கள். மங்களூருக்குப் போனால் இரவுக்குள் திரும்ப முடியாது. அப்பாவுக்கு அது தெரியும். போகாதே என்று சொல்கிறாரா, வெறுமனே பதில் சொன்னாரா? மறுபடி கேட்கத் தைரியம் இல்லை. கேட்டால் போ என்றுதான் சொல்வார். சொல்லிவிட்டு இரண்டு வருடம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இந்த வாரம் முழுவதும் ரயில் அந்தப் பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். இத்தனை வருடம் ஆசையாகப் பார்த்த கரும்பலகையை இப்போது பார்க்க முடியவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்ததும் மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறாள். அவள் பக்கத்தில் இருக்கும்போதே அவளுக்காக ஏங்குகிறேன். அவள் தூங்கியதும் அந்தக் கல்லூரிக் கடிதத்தை எடுத்துப் படிக்கிறேன். அதில் என் பெயருக்குக் கீழே வகுப்பு தொடங்கும் நாளும் எடுத்துவர வேண்டிய பொருட்களும் இருக்கின்றன. போர்வை ஒன்று, பூட்டு ஒன்று, குடும்பப் புகைப்படம் வேண்டுமானால் ஒன்று.

இதை வாசிக்கிறவர்களில் சின்னக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுப் படிக்கப் போனவர்கள் இருப்பீர்கள். போகாமல் இருந்துவிட்டவர்களும் இருப்பீர்கள். நீங்கள் திரும்பி வந்தபோது குழந்தை உங்களிடம் ஓடிவந்ததா, கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்ததா? போகாதவர்களே, பத்து வருடம் கழித்து அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்கும்போது உங்களுக்கு என்ன தோன்றியது? நல்லதுபோலத் தெரிவதைச் சொல்ல வேண்டாம், உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள். நான் இதில் எழுதாமல் விட்ட எதையாவது நீங்கள் கவனித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். மாதக் கடைசிக்குள் எழுதினால் எனக்கு உதவியாக இருக்கும்.