புரட்டாசி முடிவதற்குள் ஒரு முட்டை

அன்று புரட்டாசி மாதத்தின் கடைசி நாள், சனிக்கிழமை. காலையில் கோழிக்குத் தண்ணீர் வைக்கக் கொல்லைக்குப் போனேன். கவிழ்த்து வைத்திருந்த கூடையைத் தூக்கினால் வழக்கமாக என் கால்மேல் ஏறி ஓடுகிற கோழி, அன்று அசையவில்லை. வாலைத் தரையோடு அழுத்தி, இறகெல்லாம் உப்பி, கண்ணைப் பாதி மூடி முக்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் முக்கும், பிறகு ஓய்ந்துபோய் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். முந்தின நாளும் அது முட்டையிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் தம்பி வீட்டில் இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை, படிப்பு எட்டாவதோடு சரி. தம்பி பட்டு நெய்கிறான். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பழைய பாவு தீரும்போது அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து முறுக்கிப் பிணைக்க வேண்டும். அந்த வேலை என்னுடையது. தெருவில் மற்ற வீடுகளுக்கும் போய்ப் பிணைத்துக் கொடுப்பேன். வேலை முடிந்தால் பேசாமல் எழுந்து வந்துவிடுவேன். நான் வாய்விட்டுப் பேசியது என்றால் இந்தக் கோழியிடம்தான்.

அது கூடைக்குள் இருந்ததற்குக் காரணம் உண்டு. தீபாவளிக்கு முன்பு எங்கள் தெருவில் விடிந்தால் போதும், பாவை நீளமாக இழுத்துக் கட்டி, பட்டு விறைப்பாக நிற்க அரிசிக் கஞ்சி போடுவார்கள். கஞ்சி வாசனைக்கு ஓடிய என் கோழி ஒரு வீட்டுப் பாவைக் கொத்திவிட்டது. அறுந்த இழைகளை நானே உட்கார்ந்து பிணைத்துக் கொடுத்தேன். அதிலிருந்து தீபாவளி வேலை முடியும்வரை கோழி கூடைக்குள் என்று ஆகிவிட்டது. பாவுக்குப் போட்டு மீந்த கஞ்சியைத் தினமும் கொண்டுவந்து வைத்தோம். அதுவும் ஆசையாகத் தின்றது. தெருவில் எல்லா வீட்டுக் கோழிகளுக்கும் அந்த மாதம் அதே கஞ்சிதான்.

பாத்திரம் கழுவ வந்த தம்பி மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, கோழி சொணங்கிக்கினு இருக்குது?"

"முட்டை உள்ளயே நின்னுடுச்சு போலம்மா."

அவள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். தம்பி தறியிலிருந்து எழுந்து வந்து கோழியைப் பார்த்தான்.

"இன்னைக்குன்னு பார்த்து சனிக்கிழமையா போச்சே," என்றான்.

"நாளைக்குக் காலையில வரைக்கும் தாங்குமா?" என்று கேட்டாள் அவள்.

"தாங்கணும். ஒரு மாசமா நாக்கு செத்துக் கெடக்குது. தானா செத்துப்போச்சுன்னா மண்ணுக்குத்தான். விடிஞ்சதும் அறுத்துடலாம்க்கா. அதுக்கும் கஷ்டம் தீரும்."

எங்கள் வீட்டில் புரட்டாசியில் கறி சமைப்பதில்லை, கடைசிச் சனிக்கிழமை கத்தியையே தொடமாட்டார்கள். தம்பி கெட்டவன் இல்லை. எந்த வீட்டிலும் நோய் கண்ட கோழிக்கு அதுதான் வழி. நான் "சரிப்பா" என்றேன். என் வாயில் முதலில் வருவது எப்போதும் அதுதான்.

சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன். முட்டை வராவிட்டால் கோழி இன்றைக்கே செத்துவிடும். சாகாவிட்டால் நாளைக்குக் கத்தி. இரண்டுக்கும் நடுவில் இந்த ஒரு பகல்தான் இருந்தது.

ஒயர் கூடையில் பழைய துணி போட்டு, கோழியை உட்காரவைத்து, முந்தானையால் மூடிக்கொண்டு மாட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். டாக்டர் முகாமுக்குப் போய்விட்டார் என்று அங்கே இருந்தவர் சொன்னார். ஆனாலும் என்ன நோய் என்று கேட்டார். சுற்றிலும் மாட்டைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் நின்றார்கள். முட்டை வரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. "தீனி எடுக்கல," என்றேன்.

"வெயில்ல வுட்டா சரியாப்பூடும்மா. திங்கக்கிழமை இட்டுக்கினு வாங்க," என்றார் அவர்.

தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். கூடைக்குள்ளிருந்து முனகல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியாமல் வந்துவிட்டேனே என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது. ரோட்டில் அழுதுகொண்டே நடந்தேன். வேறு யாரிடம் போவது என்று தெரியவில்லை. கோழியின் உள்ளே பார்த்த ஆள் என்று எனக்குத் தெரிந்தவர் கறிக்கடை பாய் ஒருவர்தான்.

புரட்டாசி என்பதால் கடையில் கூட்டம் இல்லை. பாய் ஸ்டூலில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"வாக்கா. ஒரு நாள் பொறுக்க முடியலயா உங்க தம்பிக்கு?"

"அறுக்க இல்ல பாய்," என்றேன். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, எப்படியோ, முட்டை வரவில்லை என்பதைச் சொல்லிவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து கோழியின் அடிவயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"கெட்டியா இல்லையே. தோல் முட்டை. ஓடே கட்டல. இன்னா போடற இதுக்கு?"

"பாவுக் கஞ்சி."

"வெறும் கஞ்சியா? கோழிய இன்னா தறியில ஏத்தப் போறியா? கஞ்சில ஏதுக்கா சுண்ணாம்புச் சத்து?"

"பொழைக்குமா பாய்?"

"எனக்கு அறுத்தாத்தான் உள்ள இன்னா கீதுன்னு தெரியும். உசுரோட வெச்சு வைத்தியம் பார்த்ததில்ல. எங்கம்மா வெதுவெதுன்னு தண்ணியில உக்கார வெப்பாங்க, விளக்கெண்ணெய் தடவுவாங்க. செலது பொழைச்சுது. ஒண்ணு மட்டும் சொல்றேன், வயித்த அமுக்காத. உள்ள ஒடைஞ்சா போச்சு."

வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் டப்பில் வெந்நீர் விளாவிக் கோழியை இறக்கினேன். முதலில் திமிறியது. பிறகு கழுத்தை என் கைமேல் சாய்த்துவிட்டது. அதற்குத்தான் பயந்தேன். சாகிற கோழியும் அப்படித்தான் சாயும்.

தம்பி மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள். "எங்க யாருக்கும் பாக்காத பிரசவத்தை கோழிக்குப் பாக்கறீங்க," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, தான் மூட்டுவலிக்குப் போடுகிற கால்சியம் மாத்திரையில் ஒன்றையும் இன்னொரு பாத்திரம் வெந்நீரையும் கொண்டுவந்து வைத்தாள்.

"நாளைக்குக் கொழம்புதான். அதுக்காக இன்னைக்கு வலிக்கணும்னு இருக்குதா?"

மாத்திரையைத் தூளாக்கித் தண்ணீரில் கரைத்து, அலகோரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டேன். பாதி வழிந்தது. தண்ணீர் ஆறினால் மாற்றினேன். முட்டை வருகிற இடத்தில் விளக்கெண்ணெய் தடவித் தடவி விரல் வழுவழுவென்று ஆனது. உள்ளே விரல் நுனியில் அந்த மெல்லிய தோல் தட்டியது. இழுத்தால் கிழிந்துவிடும். ஆனாலும் இழுத்துவிடத்தான் கை போனது. இழை முறுக்கும்போது எவ்வளவு கையைத் தளர்த்துவேனோ அதைவிடத் தளர்த்திச் சுற்றிலும் எண்ணெய் மட்டும் விட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. பிறகு கோழி முக்குவதையும் நிறுத்திவிட்டது. எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்றுகூடத் தோன்றவில்லை. "போடும்மா, போடும்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெயில் இறங்கும் நேரத்தில் அதன் உடம்பு ஒருமுறை முழுதாக இறுகியது. தண்ணீருக்குள் என் உள்ளங்கையில் ஏதோ வழுக்கி விழுந்தது. ஓடு இல்லை. ஈரமான, வெளிறிய ஒரு பை. உடையவில்லை. கோழி டப்பின் விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். துணியில் சுற்றி மடியில் வைத்த பிறகுதான் நெஞ்சு துடிப்பது தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி பல் துலக்கிக்கொண்டே கொல்லைக்கு வந்தான். கோழி இன்னும் எழுந்து நிற்கவில்லை.

"உசுரு இருக்குதா? அறுத்துடலாமாக்கா?"

"வேணாம்பா."

தம்பி பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தான். நான் அவனிடம் அந்தச் சொல்லைச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

"இனிமே முட்டை போடுமோ இன்னாவோ. சும்மாவா தீனி போட்டுக்கினு இருக்க முடியும்?"

"சும்மாவே இருக்கட்டும்பா. என் கோழி."

என்னையும் கோழியையும் மாறி மாறிப் பார்த்தான். வாயைக் கொப்பளித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குப் போனான்.

கிளிஞ்சலைப் பொடித்துக் கம்போடு கலந்து கோழியின் முன்னால் வைத்தேன். அது வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு உட்கார்ந்தபடியே ஒரே ஒரு தடவை கொத்தியது.