இருபத்தொன்பதாம் எண்

சுப்ரஜா டீச்சரை எங்கள் பள்ளியில் முதலில் யாருக்கும் பிடிக்கவில்லை. எனக்கும்தான். அவர் வகுப்பெடுத்தால் பக்கத்து அறையில் நான் இயற்பியல் நடத்த முடியாது, அவ்வளவு பாட்டு. ஸ்ரீவைகுண்டத்து ஐயங்கார் வீட்டுப் பெண். தினமும் இரண்டு பஸ் மாறித் தருவைகுளம் வந்து மீனவப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பார். இலக்கணப் புத்தகத்தைத் தொடவே மாட்டார். தானே மெட்டுப் போட்ட பாட்டு, கைப்பேசியில் ஒரு வீடியோ, வாரத்துக்கு ஓர் உலகப் பிரச்சினை, இவ்வளவுதான் அவர் பாடத்திட்டம். நாசரேத்து மிஷன் பள்ளியில் பிரம்படி வாங்கி ஆங்கிலம் படித்தவன் நான். எனக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

வருகைப் பதிவையும் பாட்டாக்கிவிட்டார். அவர் எண்ணைப் பாடி அழைப்பார். பிள்ளை தன் எண், தன் பெயர், அன்று சாப்பிட்டது மூன்றையும் ஆங்கிலத்தில் திருப்பிப் பாட வேண்டும். ஒவ்வொருவருக்கும் டீச்சர் ஒரு வரி பதில் பாடுவார். ஒன்பதாம் வகுப்பில் இருபத்தெட்டுப் பேர். சீலா மீன், பாறை மீன், நண்டு என்று ஒரே கவிச்சியாகப் போய்க் கடைசியில் டீச்சர் தன் முறைக்குத் தயிர்சாதம் என்று முடித்ததும் வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பு சுவரைத் தாண்டி வந்து என் மாணவர்களையும் கெடுக்கும்.

அப்பாக்கள் வாரக்கணக்கில் கடலில் கிடக்கிற ஊர் இது. அந்த வகுப்பில் படிக்கும் டயானாவின் அப்பா ஞானதீபம், படகு முதலாளி. கரையிலிருந்து படகுகளோடு பேச வீட்டில் ஒரு வயர்லெஸ் வைத்திருந்தார். டீச்சர் கேட்டுக்கொண்டதால் அதை வகுப்புக்கே கொண்டுவந்து மாட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து மாலை நாலு மணி வருகைப் பாட்டு கடலுக்கும் போனது. எட்டின தூரத்துப் படகுகளில் இருந்த அப்பாக்கள் உடைந்த ஆங்கிலத்தில் தங்கள் சாப்பாட்டைப் பாடினார்கள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு டீச்சர் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

போன ஜனவரியில், எங்கள் ஊருக்கு நேர் கிழக்கே ஒரு பழைய சரக்குக் கப்பல் நங்கூரம் போட்டுக் கிடந்தது. முதலாளி ஏதோ வெளிநாட்டுக்காரன், கடன்பட்டுக் காணாமல் போய்விட்டான் என்றார்கள். மாலுமிகளை ஊருக்கு அனுப்பியாயிற்று என்றும் சொன்னார்கள். அதில் விளக்கு எரியாது. காற்றுக்குத் தகுந்தபடி மெல்லத் திரும்பி, காலையில் முகத்தையும் மாலையில் முதுகையும் காட்டும். அந்த வாரம் டீச்சர் போட்ட வீடியோ, கைவிடப்பட்ட கப்பல்களில் மாதக்கணக்கில் சிக்கிக்கொண்ட மாலுமிகளைப் பற்றியது. அவர்களுக்காக ஒரு பாட்டும் கட்டினார். டயானா அழுதே விட்டாள். ஜன்னல் வழியே பார்த்தால் தெரிகிற கப்பலை, நான் உட்பட ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, இருபத்தெட்டாம் எண் முத்துக்கனி பாடி முடித்ததும் வயர்லெஸ் கரகரத்தது. மெலிந்த ஆண்குரல். எங்கள் மெட்டிலேயே ஆங்கிலத்தில் பாடியது. இருபத்தொன்பது. என் பெயர் ஜுமா. இன்று சோறு சாப்பிட்டேன்.

யாரோ ஒரு அப்பா விளையாடுகிறார் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். செவ்வாய்க்கிழமையும் அதே குரல். இருபத்தொன்பது, ஜுமா, கஞ்சித்தண்ணீர். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஞானதீபம் எல்லாப் படகிலும் விசாரித்துவிட்டார். ஜுமா என்று ஒருவனும் கிடையாது. அதைவிட மோசம், கடலில் இருந்த யாருக்கும் அந்தக் குரலே கேட்கவில்லை. எங்கள் வகுப்பறையில் மட்டும்தான் கேட்டது.

புதன்கிழமை அவரே வந்து வயர்லெஸ் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். குரல் வந்தது. இருபத்தொன்பது, ஜுமா, அரை பிஸ்கட். டீச்சர் பதில் பாட மைக்கை எடுத்தார். ஞானதீபம் அதைப் பிடுங்கிக்கொண்டார். பெரிய புயலெல்லாம் பார்த்த மனிதர், மைக்கை மடியில் பொத்தி வைத்துக்கொண்டார்.

"வேண்டாம் டீச்சர். ஊரு பேரு தெரியாத கொரலுக்குக் கடல்ல பதில் குடுக்கப்பிடாது. கரை சேராம போனவன் அப்பிடித்தான் கூப்பிடுதான். பதில் சொன்னா நம்மளயும் கூட்டிக்கிட்டுப் போயிருவான்."

"செத்தவன் தான் சாப்பிட்டதைப் போய்ச் சொல்லுவானா? நாளுக்கு நாள் குறைஞ்சிண்டே வருது, பாருங்கோ. யாரோ பட்டினி கிடக்கறான். இன்னும் ரெண்டு நாள் தாங்குவானோ என்னமோ!" என்றார் டீச்சர். ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "அந்தக் கப்பல்ல யாராவது இருந்தா?"

"அதுல ஒரு குஞ்சு கிடையாது. அங்கன நான் படகு விட மாட்டேன்."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. எங்கோ ஆயிரம் மைலுக்கு அப்பால் பேசுகிற அலை காற்றடுக்கில் வளைந்து இங்கே விழுகிறது என்று கரும்பலகையில் படம் போட்டே விளக்கினேன். பேய் இல்லை என்றதும் பிள்ளைகளுக்கு நிம்மதி. மனிதன் இல்லை என்றதில் எனக்கும் நிம்மதி.

வியாழக்கிழமை டீச்சர் அந்தக் கப்பலின் ஏஜென்டைத் தேடித் தூத்துக்குடிக்குப் போனார். நாலு மணி வகுப்பு என் தலையில் விழுந்தது. பாட்டு எனக்கு வராது. எண்களை வறட்டுக் குரலில் படித்தேன். இருபத்தெட்டு முடிந்தது. கரகரப்பு.

"இருபத்தொன்பது. என் பெயர் ஜுமா. இன்று தண்ணீர்."

பிள்ளைகள் பெஞ்சுக்குள் ஒடுங்கினார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பயத்துக்கு நான் கோபம் என்று பெயர் வைத்துக்கொள்வது வழக்கம். மைக்கை அழுத்தி, நாசரேத்து ஆங்கிலத்தில், எழுத்துப் பிசகாமல் சொன்னேன். இந்த வகுப்பில் இருபத்தொன்பதாம் எண் கிடையாது. நீ யாரும் இல்லை. பேசாதே.

மைக்கைக் கீழே வைத்தேன். பிறகு அந்தக் குரல் மெதுவாக, "ஓகே, சார்" என்றது.

 அலை வளைந்து வரலாம். "சார்" என்று மரியாதை சொல்லுமா? அன்று இரவு நான் தூங்கவில்லை. ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை இருபத்தெட்டுக்குப் பிறகு ஞானதீபம் உட்பட எல்லாரும் காத்திருந்தோம். வயர்லெஸ் வாய் திறக்கவில்லை. ஏஜென்ட் அலுவலகத்தில் மாலுமிகளின் பட்டியலைக் காட்டி, கப்பலில் ஆளே இல்லை என்று டீச்சரை அனுப்பிவிட்டார்களாம். நேற்று இங்கே என்ன நடந்தது என்று டீச்சர் கேட்டார். டயானாதான் சொன்னாள். டீச்சர் என்னைத் திட்டவில்லை. ஞானதீபத்தைப் பார்த்துச் சொன்னார்.

"பேயா இருந்தா எஸ்றா சார் அதட்டினதுக்கு அடங்குமா அண்ணாச்சி? மனுஷன்தான் அடங்குவான்."

 ஞானதீபம் எழுந்தார்.

"ஏளா டயானா, வீட்டுல போய்ப் படகுச் சாவிய எடுத்துட்டு வா."

கப்பலை நெருங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. துருப்பிடித்த சுவர் ஒன்று தலைக்கு மேல் எழுந்து நின்றது. கயிற்று ஏணி அசையாமல் தொங்கியது. மூன்று பேரும் மேலே ஏறினோம். டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் ஏறினார். தளத்தில் ஓசையே இல்லை. சமையலறையில் ஒரே ஒரு தட்டு, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. சுவரில் சாக்குக்கட்டியால் எங்கள் பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேரின் பெயரும், ஒவ்வொன்றுக்கும் எதிரே அன்றாடம் அவர்கள் சாப்பிட்டதும் எழுதியிருந்தது. இருபத்தொன்பதாம் வரியை யாரோ கையாலேயே அழித்திருந்தார்கள்.

யாராவது இருக்கிறீர்களா என்று நான் ஆங்கிலத்தில் கத்தினேன். பக்கத்து அறையில் ஏதோ உருண்டது. உள்ளே தரையில் எலும்பாக ஓர் இளைஞன். மார்பில் கையடக்க வயர்லெஸ். டீச்சரைப் பார்த்தும் ஞானதீபத்தைப் பார்த்தும் பயப்படாதவன், என் குரல் கேட்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

அவன் பிழைத்துவிட்டான். தான்சானியாக்காரன். எல்லாரும் போனபின் காவலுக்கென்று, எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாமல் ஒற்றையாளாக விட்டுப்போயிருக்கிறார்கள். பேட்டரி சாகக்கிடந்ததால் குரல் கரைவரைதான் எட்டியது. அதை மிச்சம் பிடிக்கத்தான் கடைசியில் நாளுக்கு ஒருமுறை, நாலு மணிக்கு மட்டும் பேசியிருக்கிறான்.

மருத்துவமனையில் அவன் கட்டிலருகே உட்கார்ந்து, உதவி வேண்டும் என்று ஏன் நேராகக் கேட்கவில்லை என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல்தான் பதில் சொன்னான்.

"கேட்டேன் சார், முதலில் பத்து நாள், மற்ற நேரங்களில். யாரும் பேசவில்லை. எண் சொன்ன பிள்ளைக்கெல்லாம் பதில் வந்தது. அதனால் நானும் ஓர் எண் எடுத்துக்கொண்டேன். உங்களைக் கேட்காமல் எடுத்தது தப்புதான்."