வேலிக்குள்ளே வாய் வைக்காதே

புல்லுக்குக் காவல் இருக்கிற வேலையை ஊருக்கு விளக்கவே முடியாது. சொன்னால் சிரிப்பார்கள், சொல்லாவிட்டால் சந்தேகப்படுவார்கள். வயலுக்கும் தோப்புக்கும் காவல் இருந்து வாங்கிக்கட்டிக் கொண்டவர்களே, உங்களுக்காவது காட்டுவதற்கு ஒரு விளைச்சல் இருந்தது. எனக்கு இருந்தது மொட்டைப் புறம்போக்கு.

திருச்சியிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த மல்லிகா அக்கா, பெரம்பலூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் புறம்போக்கில் ஒரு துண்டை முள்வேலி போட்டு வளைத்தார். ஆடு மாடு வாய் வைக்காமல் விட்டால் அழிந்த காடு தானாக எழுந்து வருமா, என்னென்ன செடிகொடி திரும்பும் என்று பார்க்கத்தான். மழைக்காலம் முழுக்க உள்ளே ஒரு வாய் படக்கூடாது. பட்டால் அவர் பாடுபட்டதெல்லாம் போச்சு. காவலுக்கு என்னை வைத்தார்.

குச்சி பிடுங்கியவர்

வேலி போடுவதற்கு முன்னால் இடத்தை அளந்து குச்சி அடித்தோம். காலையில் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் பிடுங்கிக் கையில் கட்டாக வைத்துக்கொண்டு, பக்கத்துக் கொல்லைக்காரர் ராமசாமி நிற்கிறார். ஒளிக்கக்கூட இல்லை! சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் தோண்ட வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். அக்கா பொறுமையாக, “நாங்க செடிதாங்க பாக்கறோம்” என்றார். அவர் கட்டைக் கீழே போடவே இல்லை.

“மொதல்ல எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க. அரியலூர்ல எம் மச்சான் கொல்லையில இப்ப போயிப் பாரு, கெணறு எது குழி எதுன்னு தெரியல.”

அவரை நம்பவைக்க ஒரு வாரம் ஆனது. அவர் கேட்டது தப்பில்லைதான். ஆனால் குச்சியைத் திரும்ப அடித்தது நான்தானே? அதையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஆழமா அடிக்காத பாப்பா. மறுபடி புடுங்கறப்ப இடுப்பு வலிக்கும்.”

காதுகுத்து

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் வேலியில் ஒரு பக்கத்தையே காணோம். முள் இழுத்த தடத்தைப் பிடித்துக்கொண்டே போனேன். அது நேரே செல்லம்மா சின்னம்மா வீட்டு அடுப்பில் போய் நின்றது. பேரனுக்குக் காதுகுத்தாம். அண்டாவுக்கு அடியில் எங்கள் வேலி எரிகிறது. வாய்க்கு வந்தபடி கத்தினேன். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததோடு சரி. சின்னம்மா கரண்டியைக்கூட வைக்கவில்லை.

“காஞ்ச முள்ளுக்கு இந்தக் கத்து கத்தற. பச்ச முள்ளு வெட்டி வெச்சிருந்தா நான் ஏன்டி தொடப்போறேன்? வந்துட்ட, ஒக்காந்து ரெண்டு வாய் சாப்புட்டுப் போ.”

பெரியவர் வருகை

ஐப்பசி மழையில் உள்ளே பச்சை கட்டியது. கொழிஞ்சி, துத்தி, எனக்கே பேர் தெரியாத கொடிகள். வேலிக்கு வெளியே அதே மண், அதே மழை, ஆனால் வழுக்கைத் தலை மாதிரி கிடந்தது. அக்கா தரையில் குந்திக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார்.

அதைப் பார்க்க அவருடைய புரொபசர் ஜீப்பில் வந்தார். படலைத் திறந்து பூட்சுக் காலோடு நடுவே நடந்துபோய், போட்டோவுக்கு நின்றார். “சார், மிதிக்கறீங்க. ஓரமா வாங்க” என்றேன். அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் காலைத் தூக்கவில்லை, அக்காவிடம் கேட்டார்:

“இந்தப் பொண்ணக் காவலுக்கு வெச்சது ஆட்டுக்கா, எனக்காம்மா?”

சாமி கிடா

கார்த்திகையில் ஒரு கறுப்புக் கிடா வேலியை வரப்பு மாதிரி தாண்டி உள்ளே இறங்கியது. கம்பை ஓங்கினேன். பக்கத்துக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும், “ஐயோ, அடிக்காத! காதப் பாரு!” என்று அலறினார்கள். காதில் வெட்டு. அய்யனாருக்கு நேர்ந்துவிட்டது. எங்கே மேய்ந்தாலும் விரட்டக்கூடாது. அக்கா கையைப் பிசைந்துகொண்டு நிற்க, கிடா துத்தியை முடித்துவிட்டுக் கொழிஞ்சிக்குப் போனது. மூன்று நாளில் உள்ளேயும் வெளியேயும் ஒன்றாகிவிட்டது. அக்கா பெட்டியைக் கட்டிக்கொண்டே, “அடுத்த மழைக்குத்தான் திரும்ப ஆரம்பிக்கணும்” என்றார்.

வேண்டுதல் யாருடையது என்று ஊரெல்லாம் சண்டைக்குப் போனேன். ஒருத்தரும் சொல்லவில்லை, வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கடைசியில் அம்மாதான், சோறு போட்டுக்கொண்டே சொன்னது:

“நான்தான் வுட்டேன். நீ எஸ்.எஸ்.எல்.சி. பாஸானா வெட்டறதா வேண்டுதல். நீ கணக்குல கோட்ட வுட்டுட்ட, அது பாட்டுக்கு மேயுது. என்னய என்ன செய்யச் சொல்ற?”

ஆக, அழிந்த காடு தானாகத் திரும்பி வருமா என்று இந்த நாட்டுக்குத் தெரியவேண்டுமானால், முதலில் நான் கணக்கில் பாஸாக வேண்டுமாம்.