ஓய்விடத்தில் கழற்றி வைத்த சப்பாத்துகள்

நெடுஞ்சாலை ஓய்விடங்களைப் பற்றிய டென்மார்க் விதி எளிமையானது. களைத்த சாரதி வாகனத்தை அங்கே நிறுத்தலாம், அதற்குள்ளேயே படுத்துத் தூங்கலாம், விடிந்ததும் எழும்பிப் போகலாம். கேம்பிங் செய்யக் கூடாது. தூக்கத்துக்கும் கேம்பிங்குக்கும் நடுவில் உள்ள எல்லை வாகனத்தின் கதவு. கதிரை, மேசை, வெயில் மறைப்பு, அடுப்பு என்று எதையாவது கதவுக்கு வெளியே எடுத்து வைத்தால் அது கேம்பிங். உள்ளே வைத்திருந்தால் ஓய்வு. கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து கறியுடன் விருந்து வைத்தாலும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் களைத்த சாரதிதான்.

இந்த விதி எனக்கு மனப்பாடம். ஓய்வு பெறும்வரை கொம்யூன எனப்படும் உள்ளூராட்சி அலுவலகம் ஒன்றில் பிறருடைய விண்ணப்பங்களில் என்ன குறை என்று தேடிப் பிடித்து அவற்றைத் திருப்பி அனுப்புவது என் வேலையாக இருந்தது. அதற்கு முன் இலங்கையில், கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்தில், அதையே செய்தேன். நாடு மாறியது, மொழி மாறியது, குறைகள் மாறவில்லை.

ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய ஓட்டோகேம்பர் வாங்கினோம். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாவற்றையும் வயிற்றுக்குள் வைத்திருக்கும் வாகனம். அது என் மனைவியின் பெயரில் இருந்தது, ஏனென்றால் அவள்தான் ஓட்டுவாள். எனக்கும் அனுமதிப்பத்திரம் உண்டு. ஆனால் முதியோர் இல்லத்தில் பல வருடம் வேலை செய்தவளுக்கு, யாரிடம் எதைக் கொடுக்கக் கூடாது என்பது தெரியும். "நீங்கள் விதியைப் பாருங்கோ, நான் றோட்டைப் பாக்கிறன்" என்பாள்.

நோர்வே போவதாக இருந்தோம். 2009 வசந்தத்தில் அந்த வாகனம் கோபன்ஹேகனுக்கு மட்டுமே போய் வந்தது.

வன்னியில் போர் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவியின் அக்கா அங்கே இருந்தா. தைப்பொங்கலுக்குப் பிறகு அவவிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. சனிக்கிழமைதோறும் நாட்டின் மேற்கே யூலாந்திலிருந்த தமிழர் எல்லாரும் தலைநகருக்குப் போய்ப் பதாகையுடன் நின்றோம். எங்கள் ஊரான கோல்டிங்கிலிருந்து போய், நாள் முழுவதும் நின்று, அன்றே திரும்பி வருவது எங்கள் வயதுக்கு ஒத்துவரவில்லை. திரும்பும் வழியில் நடுவிலுள்ள பூன் தீவு வரை ஓட்டிவிட்டு, மனைவி ஓர் ஓய்விடத்தில் வாகனத்தை நிறுத்துவாள். காலையில் மிச்ச வழி.

அவளுடைய குடியுரிமை விண்ணப்பம் அப்போது அமைச்சில் கிடந்தது. என்னுடையதை நான் எப்போதோ முடித்திருந்தேன். அவள்தான் "எனக்கு என்னத்துக்கு?" என்று தள்ளிக்கொண்டே வந்தாள். அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம் அவளுக்குப் போதுமாக இருந்தது. அதில் உலகத்து நாடுகள் எல்லாவற்றுக்கும் போகலாம் என்று எழுதி, ஒரே ஒரு நாட்டை மட்டும் நீக்கியிருப்பார்கள். அந்த ஒரு நாட்டில்தான் அக்கா இருந்தா. ஆகவே என் மனைவி அறுபதை நெருங்கும் வயதில் டேனிஷ் சோதனைக்குப் படித்து, முதல் தரமே சித்தியடைந்தாள். அரசர்களின் வரிசை என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மே மாதத் தொடக்கத்தில் மழை தூறிய ஒரு ஞாயிறு காலை. ஓய்விடத்தில் எங்கள் வாகனத்தைக் கண்டு ஒரு கார் நின்றது. கோல்டிங்கில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும், நான் தம்பி என்று அழைக்கும் அயலவரும் அவருடைய மனைவியும். இரவு கோபன்ஹேகனுக்குப் பக்கத்தில் புரொண்பியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு வந்தார்கள். பின்னால் இன்னும் இரண்டு கார்கள். மனைவி தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தாள். வந்தவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். ஏறுமுன் ஒவ்வொருவரும் குனிந்து சப்பாத்தைக் கழற்றி, தார்த் தரையில் சுவரோரம் அடுக்குவதுபோல் சில்லோரம் அடுக்கிவிட்டு ஏறினார்கள். யாரும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. எங்கள் ஆட்களுக்குக் கதவென்று ஒன்று இருந்தால் போதும், அதன் கீழே சில்லு இருக்கிறதா அத்திவாரம் இருக்கிறதா என்று பார்க்க மாட்டார்கள். விதியை மனப்பாடமாக வைத்திருந்தவனின் கறுப்புச் சப்பாத்து முந்தின இரவிலிருந்தே அங்கேதான் கிடந்தது.

உள்ளே கட்டிலிலும் ஆசனத்திலும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம்.

"அண்ணை, இதுக்கை எத்தினை பேர் இருக்கலாம்?" என்று தம்பி கேட்டார்.

"நாலு பேர் படுக்கலாம் எண்டு பத்திரத்திலை கிடக்கு."

"நாங்கள் படுக்கேல்லையே, இருக்கிறம்தானே. அப்ப எங்களுக்கு அந்த விதி பொருந்தாது."

"ஐயோ அக்கா, உங்கடை மனிசன்ரை வருத்தம் இவருக்கும் தொத்திட்டுது" என்றார் தம்பியின் மனைவி. வெகு நாட்களுக்குப் பிறகு எல்லாரும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு அடங்குமுன் கதவில் தட்டினார்கள். இளம் பொலிஸ்காரர். அவர் எங்கள் முகங்களைப் பார்க்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தார். ஆண், பெண், பெரிது, சிறிது, சேறு பட்டது, படாதது என்று ஒரு சப்பாத்துக் கடையின் மலிவு விற்பனை போல அங்கே கிடந்தது.

"இது யாருடைய வாகனம்?"

"என்னுடையது. உள்ளே வாருங்கள், தேநீர் குடிக்கலாம்" என்று மனைவி அழகான டேனிஷில் சொன்னாள். சொல்லிவிட்டு அவருடைய சப்பாத்தைப் பார்த்தாள். அவர் வெளியிலேயே நின்றுகொண்டார்.

"இங்கே தங்கியிருக்கிறீர்களா?"

"ஓம், இரவு தூங்கினோம்" என்றாள்.

அவர் சப்பாத்துகளைப் படம் எடுத்தார். பெயர் எழுதினார். நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனார். இந்த நாட்டில் தலையை வெட்டினாலும் அந்த வாழ்த்துச் சொல்லிவிட்டுத்தான் வெட்டுவார்கள்.

மே நடுப்பகுதியில் போர் முடிந்தது. அந்த வாரத்தைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். அதற்கு ஒரு நடைமுறையும் எனக்குத் தெரியாது. தொலைக்காட்சி நிற்காமல் ஓடியது, வந்த தபால்கள் மேசையில் பிரிக்கப்படாமல் குவிந்தன.

ஜூன் தொடக்கத்தில் ஒரு தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. மனைவி எடுத்தாள். அக்கா வவுனியாப் பக்கத்து முகாமில் இருந்தா. இரவல் தொலைபேசி. "நான் இருக்கிறன்" என்று மட்டும் சொன்னாவாம், பிறகு "சீனி வருத்தத்துக்கு மருந்து ஒழுங்காக் கிடைக்குதில்லை" என்றாவாம். தொடர்பு அறுந்தது. மனைவி அழவில்லை. சுவரில் இருந்த நாட்காட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"நான் எப்ப போகலாம்?"

அதற்குப் பதில் சொல்வதற்காகத்தான் நான் தபால்களைப் பிரித்தேன். பொலிஸ் அறிவித்தல் அதற்குள் இருந்தது. வாகனத்துக்கு வெளியே பொருட்களைப் பரப்பி ஓய்விடத்தில் கேம்பிங் செய்ததாக என் மனைவிமீது குற்றச்சாட்டு. பொருட்கள்: பாதணிகள், பல சோடி.

அமைச்சைத் தொலைபேசியில் கேட்டேன். குற்றச்சாட்டு ஒன்று தீராமல் இருக்கும்வரை விண்ணப்பம் நகராது என்றார்கள். குடியுரிமை பெறுபவர்களின் பெயர்களைச் சட்டமூலமாகப் பாராளுமன்றத்தில் நிறைவேற்றுவது இந்நாட்டு வழக்கம். இலையுதிர்காலப் பட்டியல் செப்டெம்பர் முடிவில் மூடப்படும் என்றார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்த கோடை. மருந்து ஒழுங்காகக் கிடைக்காத ஒருவருக்கு அடுத்த கோடை என்பது வெகு தூரம்.

எல்லாரிடமும் ஒரே புத்திமதி இருந்தது.

"அண்ணை, காசைக் கட்டிப்போட்டு விடுங்கோ. சப்பாத்துக்குச் சண்டை பிடிக்கிறதே?" என்றார் தம்பி.

ஓகூஸ் நகரத்திலிருந்து மகள் அழைத்தாள். நான் தமிழில் கேட்டேன், அவள் வழக்கம்போல் டேனிஷில் பதில் சொன்னாள். சுருக்கம்: அப்பா, தயவுசெய்து, ஒரு தரமாவது, கட்டுங்கள்.

"கட்டினால் ஒப்புக்கொண்டதாக எழுதுவாங்கள் பிள்ளை. அம்மா குற்றம் செய்யேல்லை எண்டு அமைச்சுக்குச் சத்தியம் பண்ணிக் கையெழுத்து வைக்க வேணும். ஒப்புக்கொண்டால் குற்றவாளி. மறுத்தால் சந்தேகத்துக்குரியவர். சந்தேகத்துக்குரியவருக்கு எதிர்காலம் இருக்கு."

அவள் பெருமூச்சு விட்டது டேனிஷிலா தமிழிலா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆட்சேபம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவில் கேம்பிங் என்ற சொல்லின் வரலாறு, பாதணி பற்றிய எங்கள் பண்பாடு, பொது இடத்தில் மனித கௌரவம் என்று எல்லாம் இருந்தன. மொத்தத்தில் அது மிகச் சிறந்த ஆவணம். சமையலறையில் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டாள்.

"அக்காவைக் கம்பிக்கு அங்காலை அடைச்சு வைச்சிருக்கிறாங்கள். இங்கை நான் காத்துவாங்கிக் கேம்பிங் செய்தனாம்" என்றாள். பிறகு, "உதெல்லாம் என்னத்துக்கு? செருப்பு வெளியிலை கிடந்தால் ஆக்கள் உள்ளுக்கை எண்டுதானே கருத்து?"

நான் பேனையைக் கீழே வைத்தேன். கச்சேரியிலும் கொம்யூனவிலும் சேர்த்து என் வாழ்நாளில் நான் கண்ட மிகச் சிறந்த சட்ட வாதம் வெங்காயப் பலகையிலிருந்து வந்தது. மிகச் சிறந்த ஆவணத்தைக் கிழித்துப்போட்டு ஒரு பக்கம் எழுதினேன். விதி தடுப்பது, வாழும் இடத்தைக் கதவுக்கு வெளியே நீட்டுவதை. உங்கள் படத்தில் கதிரை இல்லை, மேசை இல்லை, அடுப்பு இல்லை, ஒரு மனிதர்கூட இல்லை. இருப்பவை உள்ளே போனவர்களின் சப்பாத்துகள் மட்டுமே. வெளியே வாழ நினைப்பவர் சப்பாத்தைக் கழற்றுவதில்லை. உங்கள் சாட்சி, விதி முழுமையாகப் பின்பற்றப்பட்டதற்கான சாட்சி.

பொலிஸுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அது கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்தது என்பதை எழுத்தில் கேட்டேன். அப்போது ஜூலை வந்தது. ஜூலையில் கோடை விடுமுறைக்காக டென்மார்க்கைப் பூட்டித் திறப்பைக் கடலில் எறிந்துவிடுவார்கள். ஆகஸ்டில் திறந்தபோது நான் வாசலில் நின்றேன். திங்கட்கிழமைதோறும் காலையில் பொலிஸின் வழக்குப் பிரிவுக்கு அழைப்பேன். எப்போதும் அதே பெண்மணி எடுப்பார். செப்டெம்பர் வந்ததும் என் குரலைக் கேட்டே, "சப்பாத்துகள்தானே?" என்பார்.

"ஓம், சப்பாத்துகள். பட்டியல் மாத முடிவில் மூடப்படுகிறது என்பதையும் எங்கள் வழக்குக் கோவையில் குறித்துக்கொள்ளுங்கள்."

"அது போன திங்கட்கிழமையே குறித்தாயிற்று. அதற்கு முந்தைய திங்கட்கிழமையும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒன்று கேட்கட்டுமா? அவர்கள் எல்லாரும் உண்மையிலேயே வாகனத்துக்கு வெளியே கழற்றினார்களா? மழை நாளில்?"

"உங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சப்பாத்தோடு உள்ளே வருவாரா?"

"இல்லை" என்றார். "என் அம்மா கொன்றுவிடுவார்."

"அந்த வாகனம் என் மனைவியின் வீடு. உங்கள் அம்மாவும் அவளும் நன்றாகப் பழகுவார்கள்."

அவர் சிரித்தார். ஓர் அலுவலர் சிரித்துவிட்டால் கோவை மேலே வந்துவிடும். இது எந்த விதியிலும் இல்லை, ஆனால் நான் அறிந்த விதிகளில் மிகவும் நம்பகமானது. "உங்கள் கோவையை இன்று நானே சட்டத்தரணியின் மேசையில் வைக்கிறேன்" என்றார்.

அந்த வாரமே தபால்காரர் வந்தார். உறை மனைவியின் பெயரில் இருந்ததால் நான் பிரிக்கவில்லை, முறை முறைதான். அவள் கை துடைத்துவிட்டு வந்து பிரித்து, நின்றபடியே சத்தமாக வாசித்தாள். சோதனையில் சித்தியடைந்த டேனிஷ், ஒரு சொல்லிலும் தடுக்கவில்லை. குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது. பாதணிகளைக் கழற்றி வைத்தமை கேம்பிங் ஆகாது. அமைச்சுக்கும் அறிவிக்கப்பட்டுள்ளது.

"இன்னும் ஒருக்கா வாசியும்" என்றேன்.

வாசித்தாள். இந்த முறை பாராளுமன்றத்தில் நின்று வாசிப்பவள் போல.

இனிப் பட்டியல், பிறகு சட்டமூலம், பிறகு கடவுச்சீட்டு என்று நான் வரிசையை விளக்கத் தொடங்கினேன்.

"அதெல்லாம் உங்கடை வேலை" என்று அவள் என் கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். "நான் கொழும்புக்கு ரிக்கற் பாக்கிறன்."

அன்று 2009 செப்டெம்பர் 24, வியாழக்கிழமை.