டீச்சரின் ஒருசந்தி

பாலக்கரை இருதயமேரி டீச்சர் பிடிவாதக்காரி. தவக்காலத்தில் ஒருசந்தி நோன்பு இருந்தால், மாலை வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. ஆனால் தினசரித் தலைவலிக்கு மாத்திரை மட்டும் உண்டு. வெறும் வாயில் விழுங்குவார். அது சாப்பாட்டில் சேராதாம்!

1964 தவக்காலத்தில் கால்கள் வீங்கின, சிறுநீர் குறைந்தது. டாக்டரம்மா கடிந்துகொண்டார்: "தண்ணியும் இல்லாம தினம் இந்த மாத்திரையைப் போட்டா கிட்னி என்னத்துக்கு ஆகும்? மாத்திரையை விடுங்க, தண்ணியைக் குடிங்க."

முணுமுணுத்துக்கொண்டே விட்டார். வீக்கம் மெல்ல வடிந்தது.

அடுத்த தவக்காலத்தில் பங்குச்சாமியார் கேட்டார்: "இந்த வருஷம் என்ன ஒறுத்தல், டீச்சர்? எதை விடப் போறீங்க?"

டீச்சர் சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்து முடித்தார்.

"மாத்திரைதான், சாமி. தண்ணியை விடுறதெல்லாம் இதுக்கு முன்னால ஒண்ணுமே இல்லைங்க."